கொள்முதல், காப்பீடு, பயறு விதை: டெல்டா விவசாயிகள் கேட்டவை

கேள்வி (திருத்துறைப்பூண்டி): வாய்ப்பேச்சுக் குத்தகையில் சாகுபடி செய்கிறேன். நெல் கொள்முதல் நிலையத்தில் அடங்கல் என்ற கிராமப் பயிர்க் கணக்குச் சான்று கேட்கிறார்கள். நிலக்காரர் வெளியூரில் இருக்கிறார். குத்தகைதாரனாக என் பெயர் எங்கேயும் ஏறக் கூடாது என்கிறார்.

பதில்: டெல்டாவில் முதல் முட்டுக்கட்டையே இதுதான். பல திட்டங்கள் பட்டாவைப் பார்க்கின்றன, வயலில் நிற்பவரைப் பார்ப்பதில்லை. பிஎம் கிசான் தரும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நிலக்காரருக்குத்தான் போகும். கொள்முதலும் காப்பீடும் அப்படியில்லை, குத்தகைதாரரும் சேரலாம். நடவு முடிந்த கையோடு வி.ஏ.ஓ.வைப் பார்த்து உங்கள் சாகுபடியைப் பதியச் சொல்லுங்கள். அறுவடை நேரத்தில் போய் நின்றால் அலைச்சல்தான். நிலக்காரரின் பயம் 1969ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தால் வருவது. அந்தச் சட்டப்படி குத்தகைதாரர் பெயரை ஏற்றும் பதிவேடு வேறு, பயிர்க் கணக்கான அடங்கல் வேறு. இதை அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி (நீடாமங்கலம்): குறுவை நெல்லில் ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். மழையில் எங்கே காய வைப்பது?

பதில்: வரம்பு 17 சதவீதம். புரட்டாசி, ஐப்பசி மழையில் மெஷினில் அறுத்த நெல் அதற்குள் அடங்காது. மாநில அரசு தளர்வு கேட்கும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும், 19 வரை தளர்த்தியதும் உண்டு. ஆனால் உத்தரவு வருவதற்குள் களத்தில் கிடக்கும் நெல் முளை விட்டுவிடுகிறது. குறுவைக்கான தளர்வைப் பருவத் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இப்போதைக்கு, மழை விட்டதும் தார்ப்பாயைத் திறந்துவிடுங்கள். மூடியே கிடந்தால் உள்ளே சூடேறி நெல் பழுப்பேறிவிடும். குவியலின் மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் மாதிரி எடுத்து, உங்கள் கண் முன்னால் கருவியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை): சம்பாவுக்குக் காப்பீடு கட்டினேன். வயல் மூழ்கியும் பணம் வரவில்லையே?

பதில்: நீங்கள் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். விளைச்சல் இழப்புக்கு உங்கள் வயலைத் தனியாகப் பார்க்க மாட்டார்கள், வருவாய் கிராமத்தின் சராசரியைத்தான் எடுப்பார்கள். அதற்காகச் சில வயல்களில் மட்டும் அறுத்து எடை பார்க்கும் சோதனை அறுவடை மேட்டு வயல்களில் விழுந்தால் பள்ளத்து வயல்காரருக்கு ஒன்றும் வராது. எந்த சர்வே எண்களில் அறுக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு, எடை போடும்போது கூட நில்லுங்கள்.

கேள்வி (நன்னிலம்): உளுந்து விதைக்கு மானியம் இருந்தும் நெல் தரிசில் தெளிக்க ஏன் ஆள் இல்லை?

பதில்: 2007இல் தொடங்கிய தேசிய உணவுப் பாதுகாப்பு இயக்கத்தில் பயறும் சேர்த்திதான். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது தெளிக்க வேண்டும். கை அறுப்பு இருந்தவரை சரி. இப்போது அறுவடை மெஷின் இறங்கினால் முளை நசுங்குகிறது. விதைக்கு மட்டும் மானியம் கொடுத்தால் போதாது.