நண்பர் எழுதிய வரலாறு: ரகுநாதனைப் பற்றி வாசகர் கேள்விகள்

மலேசியாவின் பேரா மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் தோட்டத்து நூலகமொன்றின் வாசகர் வட்டத்தினர், மாக்சிம் கார்க்கியின் ‘தாய்’ நாவலைக் கூடிப் படித்து முடித்தபின், அதைத் தமிழில் தந்த தொ.மு.சி. ரகுநாதனைப் பற்றிச் சில கேள்விகளை எழுதியனுப்பியிருக்கிறார்கள். இம்மாதப் பகுதி முழுவதும் அவர்களுக்கே உரியது.

கேள்வி: எங்கள் பிரதியில் முன்னட்டையும் முதற்பக்கங்களும் இல்லை. மொழிபெயர்த்தவர் ரகுநாதன் என்பதையே மூத்தவர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தோம். அவர் யார்? (ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

பதில்: ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ரகுநாதன் 1923-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தவர். எழுத்தாளரும் அரசு அதிகாரியுமாக இருந்த தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் அவருடைய அண்ணன். மாணவப் பருவத்திலேயே, 1942-ஆம் ஆண்டு ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் சிறை சென்றார். பிறகு ‘தினமணி’யிலும் ‘முல்லை’ இதழிலும் பணியாற்றினார். 1950-களின் நடுவில் ‘சாந்தி’ என்னும் இலக்கிய இதழைத் தாமே நடத்தினார். சுந்தர ராமசாமி, ஜெயகாந்தன் ஆகியோர் தொடக்கத்தில் எழுதிய இதழ்களில் அதுவும் ஒன்று. சிறுகதை, நாவல், திறனாய்வு ஆகியவற்றோடு, திருச்சிற்றம்பலக் கவிராயர் என்னும் புனைபெயரில் கவிதைகளும் எழுதினார். பின்னாளில் சென்னையில் சோவியத் தகவல் துறையில் சேர்ந்து, ஓய்வுபெறும் வரை மொழிபெயர்ப்பையே அன்றாடப் பணியாகக் கொண்டிருந்தார். ‘பாரதி: காலமும் கருத்தும்’ என்னும் நூலுக்காக 1983-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2001 டிசம்பர் இறுதியில் காலமானார். இத்தனை இருந்தும், அவர் எழுதியவற்றுள் எதை முதலில் படிக்கலாம் என்று கேட்டால், சிறுகதை எழுத்தாளர் புதுமைப்பித்தனின் வாழ்க்கையைச் சொல்லும் ‘புதுமைப்பித்தன் வரலாறு’ என்றே சொல்வேன்.

கேள்வி: அவர் புதுமைப்பித்தனின் நெருங்கிய நண்பர் என்கிறார்கள். நண்பர் எழுதிய வரலாற்றை எந்த அளவுக்கு நம்பலாம்? புகழ்மாலையாக இருக்காதா? (இடைநிலைப்பள்ளி ஆசிரியர்)

பதில்: ஐயா, இந்த ஐயத்தோடுதான் அந்நூலை எடுக்க வேண்டும். புதுமைப்பித்தன், ‘ராஜமுக்தி’ திரைப்பட வேலையாகப் புனேயில் இருந்தபோது காசநோய் முற்றித் திருவனந்தபுரத்துக்குத் திரும்பி, 1948-ஆம் ஆண்டில் தம் 42-ஆம் வயதில் இறந்தார். ரகுநாதனின் நூல் 1951-இல் வெளிவந்துவிட்டது. எழுதியவருக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. மனைவி கமலா, உடன் பணியாற்றிய பத்திரிகையாளர்கள், சண்டை போட்டவர்கள், கடன் கொடுத்தவர்கள் எனப் பலரும் உயிரோடிருந்த காலம் அது. பல ஆண்டுகள் கழித்து யாரேனும் எழுத முற்பட்டிருந்தால் கேட்டறியக் கிடைப்பவர்கள் குறைந்திருப்பார்கள், நினைவுகளும் மங்கியிருக்கும். நட்பினால் விளைந்த முதல் நன்மை இந்த விரைவுதான்.

நட்பு உண்மையை மறைத்ததா என்பதே உங்கள் கேள்வியின் உயிர். இதற்கு ஒரு சான்றைக் காட்டலாம். புதுமைப்பித்தனின் ‘சமாதி’, ‘நொண்டி’, ‘பயம்’, ‘கொலைகாரன் கை’ முதலான சில கதைகள் பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் கதைகளைத் தழுவியவை என்று இனங்கண்டு சொன்னவர் ரகுநாதனேதான். தமிழ்ச் சிறுகதையின் முதல்வர் என்று தாம் போற்றிய ஒருவரின் எழுத்தில் இன்னின்னது சொந்தச் சரக்கன்று என எடுத்துரைக்க, நண்பருக்குத்தான் கூடுதல் நெஞ்சுரம் வேண்டும். பின்னர் வந்தவர்கள் இச்செய்தியைப் பிடித்துக்கொண்டு புதுமைப்பித்தனின் பெயருக்கே களங்கம் கற்பிக்க முயன்றபோது, அதே ரகுநாதன் எழுபது வயதைக் கடந்த நிலையில் மீண்டும் பேனாவை எடுத்தார். 1999-இல் வெளிவந்த ‘புதுமைப்பித்தன் கதைகள்: சில விமர்சனங்களும் விஷமத்தனங்களும்’ என்னும் நூல் அவ்வாறு பிறந்தது. தழுவலைத் தழுவல் என்று சொல்வதும், தழுவலல்லாததைத் தழுவல் என்று சொன்னால் மறுப்பதும் ஒரே நேர்மையின் பாற்பட்டவை. ஒருவரின் வரலாற்றை எழுதியதோடு கடமை முடிந்ததெனக் கருதாமல், ஏறத்தாழ அரை நூற்றாண்டு அதற்குப் பொறுப்பேற்று நின்றவர்கள் தமிழில் மிகக் குறைவு.

இருந்தபோதிலும், நண்பரின் பாசமும் ஆற்றாமையும் அந்நூலின் நடையில் வெளிப்படையாகவே தெரியும். அவற்றைக் கழித்துவிட்டுப் படிக்கத் தேவையில்லை. அவை இருப்பதை அறிந்து படித்தால் போதும். கதைகள் முதலில் எங்கே, எப்போது வெளிவந்தன என்ற விவரங்களுக்கு ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த தொகுப்பை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாரதி இறந்தது 1921-இல். ரகுநாதன் பிறந்தது 1923-இல். ஆகவே பாரதியைப் பற்றி எழுதுகையில் அவருக்கு நினைவு என்னும் துணை கிடையாது. பழைய பத்திரிகைகளும் அக்கால அரசியல் வரலாறுமே கைம்முதல். நேரில் பழகியவரைப் பற்றியும், கண்ணால் காணாதவரைப் பற்றியும் எழுதிய அவருடைய இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தால், வாழ்க்கை வரலாறு எழுதுவதற்கான இரு வழிகளும் ஒரே ஆசிரியரிடம் புலப்படும்.

கேள்வி: ‘தாய்’ ரஷ்ய நாவல். ரகுநாதன் அதை ஆங்கிலத்தின் வழியாகத்தானே மொழிபெயர்த்தார்? இரண்டு கை மாறி வந்ததில் மூலம் எவ்வளவு மிஞ்சும்? (செம்பனை ஆலைத் தொழிலாளி)

பதில்: தம்பி, ஓசை நயம், சொல் விளையாட்டு, வட்டார வழக்கு ஆகியவற்றில் ஒரு பங்கு கண்டிப்பாகக் குறையும். நிகழ்ச்சியும் மனிதர்களின் மனநிலையும் தாக்குப்பிடிக்கும். ‘தாய்’ அவற்றையே நம்பி நிற்கும் நாவல். 1902-ஆம் ஆண்டு சோர்மவோ என்னும் ஆலை ஊரில் நடந்த மே தின ஊர்வலத்தையும், அதில் கைதான தொழிலாளி ஒருவரையும் அவருடைய தாயையும் ஆதாரமாகக் கொண்டு கார்க்கி அதை எழுதினார். குடிகாரக் கணவனிடம் அடிபட்டே காலம் கழித்த பெலகேயா நீலவ்னா, மகனின் தோழர்களிடம் பாடம் கேட்டு, நாற்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் பகுதியை மீண்டும் எடுத்துப் பாருங்கள். மகன் சிறைப்பட்ட பின், ஆலைக்குச் சாப்பாடு விற்கப் போகிறவளாக அவள் நுழைந்து, துண்டுப் பிரசுரங்களை உடைக்குள் மறைத்துக் கொண்டுபோகும் இடமும் அப்படியே. சோதனையிடும் காவலாளிகளுக்கு முன் அவள் நிற்கும்போது நமக்கும் நெஞ்சு படபடக்கிறதென்றால், இரண்டு கை மாறியும் வந்துசேர வேண்டியது வந்துசேர்ந்துவிட்டது.

கவிதையில் நிலைமை வேறு. லெனின் மறைந்த 1924-ஆம் ஆண்டில் ரஷ்யக் கவிஞர் மாயகோவ்ஸ்கி எழுதிய நெடுங்கவிதையை ‘லெனின் கவிதாஞ்சலி’ என்று ரகுநாதன் தமிழாக்கினார். படிக்கட்டு இறங்குவதுபோல் வரிகளை உடைத்துப்போடுபவர் மாயகோவ்ஸ்கி. அந்த வேகத்தைத் தமிழுக்குக் கொண்டுவர, மொழிபெயர்ப்பாளர் தாமும் கவிஞராக இருந்தாக வேண்டும். கவிராயர் என்ற பெயரில் அவர் யாப்பில் பழகிய கை அங்கேதான் உதவியது என்பது என் கருத்து.

கேள்வி: எங்களைப் போல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்களைப் பற்றி அவர் எழுதியிருக்கிறாரா? (லயத்து வீட்டில் வளர்ந்த ஒரு பாட்டி)

பதில்: அம்மா, அவருடைய ‘பஞ்சும் பசியும்’ நாவல், நெசவு நூலின் விலையேற்றத்தால் நொடிந்த கைத்தறி நெசவாளர்களைப் பற்றியது, 1953-இல் வெளிவந்து, செக் மொழிக்கும் சென்றது. தோட்டத்து வாழ்வைப் படிக்க விரும்பினால், புதுமைப்பித்தன் 1935-இல் ‘மணிக்கொடி’யில் எழுதிய ‘துன்பக்கேணி’யைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை அது. மரம் வேறு, கடல் வேறு. கங்காணியும் துரையும் உங்களுக்குத் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள்.

கேள்வி: என் தாய்மாமா தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, நாளிதழ்களில் நிறையக் கதைகள் எழுதியவர். சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். அவருடைய வரலாற்றை எழுத ஆசை. எங்கே தொடங்குவது? (கல்லூரி மாணவி)

பதில்: மகளே, அத்தை உயிரோடிருந்தால் இந்த வாரமே போய் அவரிடம் தொடங்கு. அனுமதி பெற்றுக் கைப்பேசியில் பதிவு செய். மாமா எழுதிய கதைகளைப் பற்றி முதலில் கேட்காதே. எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்கு எப்போது மாறினார்கள், வீட்டில் எழுத மேசை இருந்ததா, எழுதியதை யாருக்கு முதலில் படித்துக் காட்டினார், எந்த நாளிதழ் வீட்டுக்கு வந்தது என்று கேள். தொழிலாளர்கள் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்ட கணக்கர் கிராணியும், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட கிழவியும் அந்தப் பேச்சில் தாமாகவே வருவார்கள். அவர்களில் இன்னும் இருப்பவர்களை அடுத்துப் போய்ப் பார்.

நினைவுகளில் ஆண்டுகள் மாறிப்போகும். அதனால் அச்சில் உள்ளதையும் தேடியாக வேண்டும். 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019-இல் நின்றுவிட்டது. பழைய தாள்களுக்கும் இதழ்களுக்கும் கோலாலம்பூரில் தேசிய நூலகத்திலும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் கேட்டுப் பார். ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது, வீட்டிலிருந்தபடியே தேடலாம். கதை கிடைத்தவுடன் தேதி, பக்கம், புனைபெயர் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள். மாமாவின் கதைகளுள் தழுவல் என்று ஏதேனும் தெரியவந்தால் மறைக்காமல் எழுது. உறவினர் வருத்தப்படும் செய்தியாக இருந்தால், அச்சுக்குப் போகுமுன் அவர்களிடம் படித்துக் காட்டு. மறுத்தால் அவர்கள் மறுப்பையும் சேர்த்து எழுது. முதல் அத்தியாயம் முடிந்ததும் இப்பகுதிக்கு ஒரு நகல் அனுப்பு. படித்துப் பார்த்துக் கருத்து எழுதுகிறேன்.