சத்தம் நின்றால்தான் பயமாக இருக்கிறது, டாக்டர்

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. டெம்போ ஓட்டுகிறார். தேங்காய்ப்பட்டினத்தில் ராத்திரி மீன் ஏற்றி, விடியுமுன் திருவனந்தபுரத்தில் இறக்கிவிட்டு வருவார். உயரம் 168 செ.மீ., எடை 92 கிலோ. படுத்ததும் குறட்டை. திடீரென்று சத்தம் நின்றுவிடும், மூச்சே இல்லாத மாதிரி கிடப்பார். அப்புறம் திணறிக்கொண்டு இழுப்பார். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் 11 தடவை. பிரஷருக்கு இரண்டு மாத்திரை போட்டும் குறையவில்லை. தூக்கத்தில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். டெஸ்ட் எடுத்ததில் சுகர் இல்லை. போன வாரம் ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தியவர், கேட் திறந்த பிறகும் உறங்கிக்கொண்டிருந்தாராம். பின்னால் ஹாரன் அடித்துத்தான் எழுந்திருக்கிறார். “அவன் அப்பாவும் இப்படித்தான், நல்லா உறங்குறான்” என்கிறார் மாமியார். போனில் விளம்பரம் வருகிற மூக்கு கிளிப் வாங்கிக் கொடுக்கலாமா? (வாசகி, கருங்கல்)

பதில்: கிளிப் இருக்கட்டும் சகோதரி. நீங்கள் சொல்வது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ‘ஸ்லீப் ஆப்னியா’ போலத் தெரிகிறது. முதலில் அந்த ரயில்வே கேட்டைப் பற்றிப் பேச வேண்டும். பகல் தூக்கத்தை அளக்க 1991-இல் மெல்போர்னில் உருவாக்கிய எப்வொர்த் என்ற கேள்வித்தாள் ஒன்று உண்டு. மொத்தம் எட்டுக் கேள்விகள். கடைசிக் கேள்வியே, போக்குவரத்தில் வண்டி சில நிமிடம் நிற்கும்போது கண்ணயர்வீர்களா என்பதுதான். உங்கள் கணவர் அதற்குக் கேட்டிலேயே பதில் சொல்லிவிட்டார். பரிசோதனை முடிந்து சிகிச்சை தொடங்கும்வரை ராத்திரி லோடை வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லுங்கள். வருமானம் போகும், தெரியும். நின்ற வண்டியில் வந்த தூக்கம் ஓடுகிற வண்டியிலும் வரும். வழியில் இறங்கிக் குடிக்கிற கட்டன்சாயா அதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

நீங்கள் எண்ணியது பெரிய உதவி. உறங்குகிறவருக்குத் தன் மூச்சு நின்றது தெரியாது. பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி. அரை மணிக்கு 11 என்றால் மணிக்கு 22. தூக்கத்தில் மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நிற்பதையும், பாதி அடைபட்டு ஆக்சிஜன் இறங்குவதையும் சேர்த்து எண்ணுவோம். மணிக்கு 5 முதல் 15 வரை லேசான நிலை, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. பாதி அடைப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால், கருவி வைத்து அளந்தால் உங்கள் கணக்கைவிடக் கூடவே வரலாம்.

நடப்பது இதுதான். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சாய்கிறது. குறுகிய வழியில் காற்று போகும்போது சதை அதிர்கிறது, அது குறட்டை. வழி முழுதும் மூடிவிட்டால் சத்தமும் இல்லை, மூச்சும் இல்லை. ஆக்சிஜன் இறங்க, மூளை பதறி அவரை ஓரிரு விநாடி தட்டி எழுப்புகிறது. அப்போதுதான் அந்தத் திணறல். காலையில் இது எதுவும் அவர் நினைவில் இருக்காது. ராத்திரி முழுக்க யாரோ தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தால் அது என்ன உறக்கம்? மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் சொன்னதிலும் ஒரு பாதி சரி: தாடை, தொண்டையின் அமைப்பு அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம்.

பிரஷர் அடங்காததற்கும் இது காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு பதற்றத்திலும் இரத்த அழுத்தம் ஏறுகிறது. சிறுநீர் சங்கதி இன்னும் வேடிக்கை. அடைத்த தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் உறிஞ்சல் உண்டாகி, இதயத்துக்கு இரத்தம் அதிகமாக வந்து சேர்கிறது. உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று இதயம் தப்புக்கணக்குப் போட்டு, அதை வெளியேற்றும் ஹார்மோனைச் சுரக்கிறது.

இப்போது கிளிப். ஓஸ் பைப் நடுவில் மடிந்து கிடக்கும்போது அதன் வாயை மட்டும் அகலப்படுத்தி என்ன பயன்? மூக்கடைப்பு இருந்தால் அதற்கு வைத்தியம் தனி.

நடுத்தரம், கடுமை என்று வந்தால் முதல் சிகிச்சை சிபேப் கருவி. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் கொண்டுவந்தது. மாஸ்க் வழியாகத் தொடர்ந்து வருகிற காற்றின் அழுத்தம் தொண்டையை மூடவிடாமல் தாங்கிப் பிடிக்கும். முதல் சில நாள் தொல்லையாக இருக்கும், மறைக்கவில்லை. ‘இதைக் கட்டிக்கொண்டு யார் உறங்குவது’ என்று கழற்றி எறிகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் மாஸ்க் அளவுதான் பிரச்சினை. மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பகலில் டிவி பார்க்கும்போது கட்டிப் பழகலாம். விலை கூடுதல்தான், சில இடங்களில் வாடகைக்கும் தருகிறார்கள். ஈரப்பதத் தொட்டிக்கு மெடிக்கல் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். ஒருவர் ஒர்க்‌ஷாப்பில் இருந்து பேட்டரி தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டார், அது வேண்டாம்.

லேசான நிலை என்றால் பல் மருத்துவர் செய்து தருகிற, கீழ்த்தாடையை முன்னுக்கு வைக்கும் கருவி போதலாம். மல்லாந்து படுக்கும்போது மட்டும் வருகிறவர்களுக்கு, பனியன் முதுகில் பை தைத்து ஒரு பந்தைப் போட்டுவிட்டால் ஒருக்களித்தே படுப்பார்கள். அறுவை சிகிச்சை சிலருக்கு மட்டும்.

எடையில் 9 கிலோ குறைந்தாலே நல்ல வித்தியாசம் தெரியும். சாளைக் கறியை நிறுத்த வேண்டாம். கூட இருக்கும் மரச்சீனியைக் குறைத்து, ராத்திரி வழியில் சாப்பிடுகிற பரோட்டாவை நிறுத்தினால் போதும். படுக்கும் முன் மது கூடாது, தொண்டையை இன்னும் தளர்த்தும். தூக்க மாத்திரையும் அப்படியே. மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ நெஞ்சகப் பிரிவிலோ காட்டுங்கள். தூக்கப் பரிசோதனை எங்கே செய்வது என்று அவர்கள் வழி சொல்வார்கள். பிரஷர் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் போனில் ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். லைட் எரியட்டும், போர்வையை விலக்குங்கள், முகத்தோடு நெஞ்சும் வயிறும் தெரிய வேண்டும். சத்தம் நின்ற பிறகும் அவர் நெஞ்சு மேலும் கீழும் போராடிக்கொண்டிருக்கும். நாங்கள் பார்க்க விரும்புவது அந்தச் சில விநாடிகளைத்தான்.