செவ்வாய் 71.2, புதன் 72.6: எடைக் குறைப்பு கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே குறையைத்தான் சொல்கின்றன: சாப்பாட்டைக் குறைத்தாயிற்று, எடை மெஷின் மட்டும் ஏறி இறங்குகிறது, இல்லாவிட்டால் நகரவே மாட்டேன் என்கிறது. அதனால் இந்த முறை அதற்கு மட்டும் பதில். சர்க்கரை நோய், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் இங்கே உள்ள அளவுகளை அப்படியே பின்பற்ற வேண்டாம். முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

மேடம், செவ்வாய் காலை 71.2 கிலோ இருந்தேன். அன்று இரவு ஒரு கல்யாண ரிசப்ஷன். புதன் காலை 72.6. ஒரே ராத்திரியில் 1.4 கிலோ கொழுப்பு ஏறுமா?

ஏறாது. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. 1.4 கிலோ கூட வேண்டுமானால், அன்றைய தேவைக்கு மேல் 10,000 கலோரிக்கும் அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். எவ்வளவு தாராளமான பந்தியிலும் அது நடக்காத காரியம்.

கூடியதில் பெரும்பகுதி தண்ணீர். நம் உடலின் திரவத்தில் உப்பு லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம் என்ற அளவில் இருக்கும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனும் அதே அடர்த்திதான். ஊறுகாய், அப்பளம், கிரேவி, வறுவல் என்று வழக்கத்தைவிட 4, 5 கிராம் உப்பு கூடுதலாகப் போனால், சிறுநீரகம் அதை வெளியேற்றி முடிக்கும் வரை அரை லிட்டர் தண்ணீர் உடலில் தங்கும். அடுத்தது மாவுச்சத்து. கல்லீரலிலும் தசைகளிலும் அது கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது, கல்லீரலில் 100 கிராம், தசைகளில் 400 கிராம் அளவுக்கு. ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். டயட்டில் பாதி காலியாக இருந்த கிடங்கு ஒரே இரவில் நிரம்பினால், அதுவே அரை கிலோவுக்கு மேல். மிச்சம், பத்து மணிக்குச் சாப்பிட்டு இன்னும் குடலில் இருக்கும் சாப்பாடு.

வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்புங்கள், இரண்டிலிருந்து நான்கு நாளில் இறங்கிவிடும். பயந்துபோய் புதன்கிழமை பட்டினி கிடக்காதீர்கள். வியாழன் ராத்திரி அந்தப் பசி வட்டியோடு வசூலித்துவிடும்.

சோற்றை நிறுத்தியதும் பத்து நாளில் 3 கிலோ போனது. அப்புறம் மூன்று வாரமாக 600 கிராம்தான். டயட் வேலை செய்வதை நிறுத்திவிட்டதா?

மேலே சொன்ன அதே கிடங்குதான், திருப்பிப் பாருங்கள். முதல் பத்து நாளில் போனதில் பெரிய பங்கு கிளைக்கோஜனும் அதோடு இருந்த தண்ணீரும். உண்மையான வேகம் இப்போதுதான் தெரிகிறது. வாரத்துக்கு 200 கிராம் மெதுவான வேகம், ஆனால் நிற்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு வாரம் அரை கிலோ நல்ல இலக்கு. வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் தசை கரைவதோடு பித்தப்பைக் கற்கள் உருவாகும் அபாயமும் கூடுகிறது. சோறு திரும்ப வந்தால் ஒன்றரை, இரண்டு கிலோ ஏறும் என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் தண்ணீர்தான்.

எப்போது, எப்படி எடை பார்க்க வேண்டும்?

காலையில் கழிவறை போய் வந்த பிறகு, எதுவும் குடிப்பதற்கு முன், ஒரே மாதிரி உடையில். ஒரு டம்ளர் தண்ணீரே 200 கிராம் என்பதை மறக்க வேண்டாம். மெஷினைப் பாயிலோ கார்ப்பெட்டிலோ வைக்காமல் டைல்ஸ் தரையில், எப்போதும் அதே இடத்தில் வையுங்கள். மெஷின் மேல் சந்தேகம் இருந்தால், பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையோடு ஒரு முறை, பை இல்லாமல் ஒரு முறை ஏறிப் பாருங்கள். வித்தியாசம் ஐந்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். பேட்டரி குறைந்தாலும் எண் தாறுமாறாக வரும்.

தினமும் எழுதிக்கொண்டு, ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுங்கள். ஒரு வாரச் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். முதல் கேள்வி கேட்டவருக்கு அந்த வாரம் 71.5, அடுத்த வாரம் 71.1 என்று வந்தால், நடுவில் 72.6 வந்திருந்தாலும் அவர் 400 கிராம் குறைந்திருக்கிறார். வாரம் அரை கிலோ குறைபவருக்கு ஒரு நாளில் கரைவது 70 கிராம். தண்ணீரோ ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று ஆடும். அந்த ஆட்டத்துக்குள் 70 கிராமை ஒரே நாளில் கண்டுபிடிக்கவே முடியாது.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இஞ்ச் டேப்பும் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும். நம் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

மாதத்தில் ஒரு வாரம் மட்டும் என்ன செய்தாலும் கூடிவிடுகிறது, அக்கா.

பீரியட்ஸுக்கு முந்தைய நாட்களில் உடல் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அரை கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை கூடுவது பலருக்கு உண்டு. வாரத்தை வாரத்தோடு ஒப்பிட்டால் உங்களுக்குத் தவறான படம்தான் கிடைக்கும். பீரியட்ஸ் முடிந்த மூன்றாம் நாள் எடையை அடுத்த மாதம் அதே நாள் எடையோடு ஒப்பிடுங்கள். அந்த வாரத்தில் மெஷினை எடுத்து உள்ளே வைத்துவிட்டாலும் எதையும் இழக்க மாட்டீர்கள்.

42 வயது, 158 செ.மீ. உயரம். 78 கிலோவிலிருந்து 70 வந்தேன். அதே 1,550 கலோரிதான் சாப்பிடுகிறேன். ஐந்து வாரமாக நகரவில்லை.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் சூத்திரப்படி பெண்களுக்கு ஓய்வில் செலவாகும் கலோரி: எடையைப் பத்தாலும், உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, மேலும் 161 கழிக்க வேண்டும். 78 கிலோவில் 1,397 வருகிறது. வீட்டு வேலை, கொஞ்சம் நடை என்றால் 1.4ஆல் பெருக்குங்கள், நாள் செலவு ஏறக்குறைய 1,955. 1,550 சாப்பிட்டபோது 400 பற்றாக்குறை இருந்தது. 70 கிலோவில் நாள் செலவே 1,843தான். பற்றாக்குறை 290 ஆகிவிட்டது. எடை குறைந்த உடல் இந்தக் கணக்கைவிடவும் சற்றுச் சிக்கனமாகவே செலவழிக்கும். களைப்பில் நாமும் அறியாமல் குறைவாக அசைவோம். நடைமுறையில் உங்களிடம் 200, 250 மிஞ்சியிருக்கலாம்.

இதோடு அளவு தளர்வதையும் சேருங்கள். முதல் மாதம் அளந்து ஊற்றிய எண்ணெய் ஐந்தாம் மாதம் கண் அளவாகிவிடும். இரண்டு டீஸ்பூன் கூடினாலே 80 கலோரிக்கு மேல். ஒரு பிடி நிலக்கடலை, 25 கிராம், 140 கலோரி. பற்றாக்குறை தீர்ந்துவிட்டது.

செய்ய வேண்டியது: முதலில் பத்து நாள் மறுபடியும் எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். பெரும்பாலும் அதிலேயே விடை கிடைக்கும். அளவு சரியாகவே இருந்தால் நாளுக்கு 100 முதல் 150 கலோரி மட்டும் குறையுங்கள், அல்லது தினமும் 30, 40 நிமிட நடையைக் கூட்டுங்கள். குறைப்பதைச் சோறு, எண்ணெய், இனிப்பிலிருந்து எடுங்கள், புரதத்திலிருந்து வேண்டாம். 70 கிலோவுக்கு நாளுக்கு 80 கிராம் புரதமாவது இருந்தால் தசை நிற்கும். இட்லி சாம்பாரில் மட்டும் அது வராது. இரண்டு முட்டையில் 12 கிராம், 100 கிராம் மீனில் 20, காய்ந்த மீல் மேக்கர் 50 கிராமில் 25, ஒரு கப் தயிரில் 6, 7 கிராம் என்று நாள் முழுக்கப் பிரித்துச் சேர்க்க வேண்டும். வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும்.

இன்னொன்று. நான்கு வாரச் சராசரியும் இடுப்பளவும் இரண்டுமே அசையவில்லை என்றால்தான் அதைத் தேக்கம் என்று சொல்லலாம். பத்து நாள் நிற்பது தேக்கமல்ல.

1,000 கலோரிதான் சாப்பிடுகிறேன். சத்தியமாகக் குறையவில்லை. என் உடம்புக்கு மெட்டபாலிசமே இல்லையா?

உங்களை நம்புகிறேன். நீங்கள் பொய் சொல்லவில்லை, கணக்குதான் தப்புகிறது. இதே குறையோடு வந்தவர்களை 1992இல் அமெரிக்காவில் அளந்து ஆராய்ந்தார்கள். மெட்டபாலிசம், அதாவது உடல் கலோரியைச் செலவழிக்கும் வேகம், இயல்பாகத்தான் இருந்தது. சாப்பிட்டதைச் சராசரியாகப் பாதியளவுக்குக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், வேண்டுமென்று அல்ல.

நம் சமையலறையில் அது ஒளியும் இடங்கள் தெரிந்தவைதான். நான்கு பேர் வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், ஆளுக்கு நாளுக்கு 33 மில்லி, 270 கலோரிக்கு மேல். 100 மில்லி பாலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் போட்ட டீ 100 கலோரி. நான்கு குடித்தால் 400. தாளித்த சட்னி, பிள்ளை தட்டில் வைத்த மிச்சம், ருசி பார்த்த கரண்டி, இவற்றை யாரும் எழுதுவதில்லை. 500 ரூபாய்க்குக் கிடைக்கும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, அரிசியை வேகவைப்பதற்கு முன் அளங்கள். 100 கிராம் பச்சையாக 350 கலோரி, அதே 100 கிராம் சோறாக 130. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுக்கொள்வதே நிறையப் பேர் செய்யும் தவறு.

வாரநாட்களில் கட்டுப்பாடு, சனி ஞாயிறு மட்டும் கொஞ்சம் இஷ்டப்படி. அது பாதிக்குமா?

ஐந்து நாள் 400 வீதம் சேமித்தால் 2,000. சனி இரவு பரோட்டா சால்னா, ஞாயிறு பிரியாணி, மாலையில் பஜ்ஜி என்று இரண்டு நாளும் தேவைக்கு மேல் 1,000 போனால் மிச்சம் பூஜ்யம். பிரியாணியை விட வேண்டாம். அந்த ஒரு வேளையை வைத்துக்கொண்டு மற்ற இரண்டு வேளையைச் சாதாரணமாகச் சாப்பிடுங்கள்.

ஜிம்மில் சேர்ந்த பிறகு ஒரு கிலோ கூடிவிட்டது.

புதிதாக உழைத்த தசை வலிக்கும்போது அங்கே நீர் கோக்கும். இரண்டு, மூன்று வாரம் பொறுங்கள், இடுப்பளவைப் பாருங்கள்.

மெஷின் கொழுப்பு சதவீதமும் காட்டுகிறது. நம்பலாமா?

அது கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. மின்சாரம் பாயும் விதத்தை வைத்து ஊகிக்கிறது. தண்ணீர் குறைந்தாலே எண் மாறும். விட்டுவிடுங்கள்.

தைராய்டு மாத்திரை, அதோடு வேறு மருந்துகளும் எடுக்கிறேன். அதனால்தானோ?

தைராய்டு இரத்தப் பரிசோதனையில் வரும் டிஎஸ்எச் அளவு கட்டுக்குள் இருந்தால் தைராய்டு மட்டும் தடையாக இருப்பது அரிது. பிரெட்னிசோலோன், இன்சுலின், கிளிமெபிரைடு, அமிட்ரிப்டிலின், ஓலான்சபின், வால்புரோயேட் போன்றவை எடையைக் கூட்டக்கூடியவை. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலினோ கிளிமெபிரைடோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கலாம், மருந்தளவை முன்கூட்டியே பேசி மாற்ற வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடி, கால் வீங்கி, மூச்சும் வாங்கினால் அது டயட் விஷயமல்ல. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எண் கூடியிருந்தால் அன்று முழுக்கச் சாப்பிடப் பிடிக்கவில்லை. ராத்திரி அடக்க முடியாமல் தின்றுவிட்டு அழுகிறேன்.

நீங்கள் எடை பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள், அம்மா. தினமும் எழுதச் சொன்ன யோசனை உங்களுக்கானதல்ல. ஆறு வாரத்துக்கு மெஷினைப் பரணில் போடுங்கள். பகலில் பட்டினி கிடப்பதுதான் ராத்திரியில் அடக்க முடியாமல் செய்கிறது, அதனால் கலோரியைக் குறைப்பதற்கு முன் மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுவதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். காலையில் முட்டையோ சுண்டலோ கட்டாயம் இருக்கட்டும். வாரத்தில் ஒரு முறையாவது இப்படி நடந்து மூன்று மாதமாகிவிட்டது என்றாலோ, தின்றதை வாந்தி எடுக்கத் தோன்றினாலோ, அது சிகிச்சை உள்ள நோய். மனநல மருத்துவரைப் பாருங்கள். கூட வர வீட்டில் ஒருவரிடம் இன்றே சொல்லி வையுங்கள். தமிழ்நாட்டில் இருந்தால், முதலில் யாரிடமாவது பேச 104க்குக் கூப்பிடலாம்.