ஒளிப்படக் கேள்வி–பதில்: சைக்கிளின் நிழலும் வேப்ப மரத்தின் நிழலும்

கேள்வி: எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவர் மேற்குப் பார்த்தது. மாலை 4.30 மணி வாக்கில் அந்த வெள்ளைச் சுவரில் சைக்கிளின் நிழலும் வாசல் வேப்ப மரத்தின் நிழலும் சேர்ந்து விழும். நேரில் பார்க்க அத்தனை அழகு. ஆனால் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சுவர் அழுக்குச் சாம்பலாகிவிடுகிறது. நிழலும் குழம்பிப் போகிறது. படத்தை இணைத்துள்ளேன். என்ன தவறு செய்கிறேன்?
– வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் படத்தை நெடுநேரம் பார்த்தேன். நிழலைப் படமெடுக்கப் போய், நிழல் விழுந்த இடம் முழுவதையும் எடுத்துவிட்டீர்கள் என்பதே முதலில் தோன்றியது. சுவர் ஓரத்தில் பிளாஸ்டிக் குடம், மேலே மின்சார மீட்டர் பெட்டி, கீழே இரண்டு ஜோடி செருப்பு, நடுவில் சைக்கிள், இவற்றுக்கெல்லாம் பின்னால் எஞ்சிய இடத்தில் நிழல். வலது கீழ் மூலையில் ஒரு கரிய மேடு இருக்கிறதே, அது உங்கள் தலையின் நிழல். வெயிலுக்கு முதுகு காட்டி நின்றால் அது வராமல் போகாது. இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து, சற்றே குனிந்து எடுங்கள்.

ஒளிப்படக் கலைஞர் ஆந்த்ரே கெர்தேஸ் 1928இல் எடுத்த ‘முள்கரண்டி’ என்ற படம் கிடைத்தால் பாருங்கள். ஒரு தட்டின் விளிம்பில் சாய்ந்து கிடக்கும் முள்கரண்டியும் அதன் நிழலும்தான் படம்; சோறு இல்லை, கை இல்லை, மேசையின் ஓரம்கூட இல்லை. உங்கள் படத்திலும் முன்சக்கரமும் ஹேண்டில்பாரில் பாதியும் அவற்றின் நிழலும் இருந்தால் போதும். சக்கரத்தை அறவே வெட்டிவிடாதீர்கள். பொருளிலிருந்து நிழல் புறப்படும் இடம் கட்டத்துக்குள் இருந்தால், பார்ப்பவரின் கண் அங்கே தொடங்கி நிழலின் வழியே நகரும்.

இனி நிழல் குழம்புவதைப் பற்றி. இதில் உங்கள் கேமராவின் குற்றம் எதுவும் இல்லை. வானத்தில் சூரியன் ஒரு புள்ளி அன்று. ஏறக்குறைய அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் பொருளுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு நிழலின் ஓரம் மங்கிவிடும். மரக்கிளை சுவரிலிருந்து 6 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் நிழலின் ஓரம் 5 சென்டிமீட்டருக்கு மேல் கரைந்திருக்கும். விரல் பருமனுள்ள குச்சிகள் தனியாகத் தெரியவே தெரியா. சைக்கிளின் ஸ்போக் கம்பி சுமார் 2 மில்லிமீட்டர் பருமன்தான். அது சுவரிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மட்டுமே கறுப்பான கோடாக விழும். அதைத் தாண்டினால் வெறும் சாம்பல் கீற்று. உங்கள் சைக்கிள் ஸ்டாண்டு போட்டுச் சுவரிலிருந்து தள்ளி நிற்கிறது. ஸ்டாண்டை எடுத்துவிட்டு, சக்கரம் சுவரை ஒட்டும்படி சாய்த்து வையுங்கள்; ஒவ்வொரு கம்பியும் மை தொட்டு இழுத்ததுபோல் விழுவதைக் காண்பீர்கள். கூர்மையான சக்கர நிழலும் அதன் பின்னால் புகைபோன்ற வேப்பங்கிளை நிழலும் என்று இரண்டு விதம் ஒரே சுவரில் அமைவது உங்களுக்குக் கிடைத்திருக்கும் பேறு. (இலை இடுக்குகள் வழியாக விழும் வெளிச்சப் பொட்டுகள் வட்டமாகவோ முட்டை வடிவிலோ இருப்பதைக் கவனித்தீர்களா? அவை ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம்.)

கிளை நிழல் ஹேண்டில்பாரின் நிழல்மேல் ஏறி ஒரே கரிய திட்டாகியிருப்பதே உங்கள் படத்தின் பெரிய குறை. சைக்கிளை நகர்த்த வேண்டியதில்லை, பத்து நிமிடம் காத்திருங்கள். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. பத்து நிமிடத்தில் இரண்டரை டிகிரி. அதற்குள் 6 மீட்டர் தள்ளியுள்ள கிளையின் நிழல் ஏறக்குறைய ஒரு முழத்தில் பாதி இடம் மாறிவிடும். சுவரை ஒட்டிய சைக்கிளின் நிழலோ ஒரு சென்டிமீட்டர்கூட அசையாது. இரண்டு நிழல்களுக்கும் இடையே வெள்ளைச் சுவர் ஒரு கீற்றாவது தெரியும் நொடியில் எடுங்கள்.

சுவர் சாம்பலாவதற்குக் காரணம் வேறு. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாகக் கருதியே கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் அளக்கிறது. சுண்ணாம்புச் சுவர் அதற்குத் தெரியாது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பு) கூட்டல் ஒன்று வரை ஏற்றுங்கள், தேவைப்பட்டால் இன்னும் சற்று. செல்போன் என்றால் திரையில் சுவரைத் தொட்டு, தோன்றும் சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும். ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் கறுப்பு முதல் வெள்ளை வரையான அளவைக் காட்டும் வரைபடம், வலது ஓரத்தில் முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டினால் சுண்ணாம்புப் பூச்சின் சொரசொரப்பு போய்ச் சுவர் வெறுங்காகிதமாகிவிடும்.

பிறகு கணினியில் நிழல் பகுதியை வெளிச்சமாக்கும் ஸ்லைடரைத் தொடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். உங்கள் படத்தில் அது நன்றாக ஏற்றப்பட்டிருக்கிறது. கறுப்பே இல்லாத கறுப்பு வெள்ளைப் படம் அது. அதற்காக நிழல் முழுவதையும் கரியாக்கவும் வேண்டாம். டயர் சுவரைத் தொடும் இடம் மட்டும் முழுக் கறுப்பாக இருக்கட்டும். சக்கரத்தின் நிழலுக்குள் பூச்சின் விரிசல் இலேசாகத் தெரியட்டும். கிளை நிழல் அதைவிட இரண்டு படி வெளுத்திருக்கட்டும்.

கேள்வி: பழைய ஃபிலிம் கேமராவில் கறுப்பு வெள்ளையில் நிழல்களை எடுக்கிறேன். சிவப்பு ஃபில்டர் போட்டால் நிழல் ஆழமாகும் என்கிறார் நண்பர். உண்மையா?
– வாசகர், மதுரை

பதில்: உண்மைதான். திறந்த வெளியில் நிழலுக்குள் விழும் ஒளி பெரும்பாலும் நீல வானத்திலிருந்து வருவது. சிவப்பு ஃபில்டர் அந்த நீலத்தைத் தடுப்பதால் வெயில் பட்ட இடத்தைவிட நிழல் மேலும் இருளும். மேகமூட்டமான நாளில் இந்தப் பலன் கிடைக்காது. அடர் சிவப்பு ஃபில்டருக்கு எட்டு மடங்கு, அதாவது மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) கூடுதல் எக்ஸ்போஷர் தேவை என்பதால் முக்காலியில்லாமல் சிரமப்படுவீர்கள். மஞ்சளுக்கு ஒரு ஸ்டாப் போதும். ஒரு எச்சரிக்கை: காவியும் வெள்ளையும் பட்டையடித்த கோயில் மதிலில் விழும் நிழலை எடுக்கும்போது சிவப்பு ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். காவிப் பட்டை வெளுத்து, வெள்ளைப் பட்டையோடு ஏறக்குறைய ஒன்றாகிவிடும். பட்டைகள் அழுத்தமாகத் தெரிய வேண்டுமானால் பச்சை ஃபில்டர் உதவும்.

கேள்வி: படத்தில் இல்லாத நிழலைப் பின்னர் சேர்ப்பது ஏமாற்று வேலை அல்லவா?
– வாசகர், திருச்சி

பதில்: ஹாங்காங்கில் ஒளிப்படக் கலைஞர் ஃபான் ஹோ 1954இல் எடுத்த ‘நெருங்கும் நிழல்’ என்ற புகழ்பெற்ற படத்தில், வெள்ளைச் சுவரோரம் நிற்கும் பெண்ணை நோக்கிக் குறுக்காக இறங்கும் அந்தக் கரிய முக்கோண நிழல், படத்தை அச்சிடும் இருட்டறையில் சேர்க்கப்பட்டது. அதை நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அவர் செய்தியாளராக அதை எடுக்கவில்லை. பத்திரிகைக்குச் செய்திப்படமாக அனுப்பினால் தவறு. போட்டிக்கு அனுப்புவதானால் விதிமுறையை முதலில் படியுங்கள். அனுமதி இருந்தாலும், நிழலைச் சேர்த்ததைப் படக்குறிப்பில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.