பிலிம் நகர்கிறதா? பழைய கமரா கேள்வி-பதில்

பென்ராக்ஸ் கே1000இல் 36 படச் சுருள் போட்டேன். எண்காட்டி 36ஐத் தாண்டியும் லீவர் தடையின்றிச் சுற்றுகிறது. ஏன்? (மாங்குளம்)

பெரும்பாலும் பிலிம் உருளையை (கடையில் வாங்கும்போது அது அடைத்து வரும் சிறு கூட்டை) விட்டு நகரவே இல்லை. எண்காட்டி எண்ணுவது லீவரின் சுற்றைத்தான்; உள்ளே பிலிம் ஓடுகிறதா என்பது அதற்குத் தெரியாது. நம்ப வேண்டியது இடப்பக்கம் மேலே இருக்கும் குமிழை. அதை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். எங்கும் இறுகாமல் சுழன்றுகொண்டே இருந்தால் பிலிம் பிடிபடவில்லை. படம் ஒன்றும் விழுந்திருக்காது, சுருளும் வீணாகவில்லை.

மறுபடி போடும்போது அவசரம் வேண்டாம். பிலிமின் நுனியை வலப்பக்கச் சுருட்டியில் செருகி, கதவு திறந்திருக்கும்போதே ஒரு தடவை லீவரைச் சுற்றுங்கள். மேல் ஓரத்துத் துளைகளும் கீழ் ஓரத்துத் துளைகளும் பற்சக்கரத்தில் சரியாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாட்டியிருந்தால் மூடாதீர்கள். மூடியதும் குமிழைத் திருப்பித் தளர்வை இறுக்குங்கள். பிறகு லீவரைச் சுற்றும்போதெல்லாம் அந்தக் குமிழ் எதிர்ப்பக்கமாகத் திரும்ப வேண்டும். திரும்பினால் பிலிம் ஓடுகிறது. திருமண வீட்டுக்குப் போகிறவர் இதை மணவறைக்கு முன்னால் நின்று பார்க்கக் கூடாது, வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும்.

பாதிச் சுருளில் கதவைத் திறந்துவிட்டேன். எல்லாம் போய்விட்டதா? (முல்லைத்தீவு)

இல்லை. உடனே மூடியிருந்தால், சுருட்டியில் வெளிச்சுற்றாக இருந்த கடைசிப் படங்கள் சில வெளுத்திருக்கும். உள்சுற்றுகள் ஓரளவு தப்பும். உருளைக்குள் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. இரண்டு படம் வெறுமனே தட்டிவிட்டுத் தொடருங்கள்.

இடம்பெயரும்போது புதைத்து வைத்த அப்பாவின் கமரா கிடைத்தது. உள்ளே சுருள் இருக்குமா? (புதுக்குடியிருப்பு)

முதலில் கதவில் கை வைக்காதீர்கள். அதே குமிழை இதமாகத் திருப்புங்கள். இறுகினால் உள்ளே பிலிம் இருக்கிறது என்று கொள்ளுங்கள். துருப்பிடித்து இறுகினாலும் கை வேறுபாட்டை அறியாது. ஆகவே சந்தேகமிருந்தால் முழு இருட்டில்தான் திறக்க வேண்டும். பலங்கொண்டு சுற்றினால் காய்ந்த பிலிம் முறிந்துவிடும். ஈரம் பட்ட கலர் பிலிமில் நிறம் எஞ்சுவது அரிது. கழுவக் கொடுக்கும்போது கறுப்பு வெள்ளை முறையில் கழுவ முடியுமா என்று கேளுங்கள். மங்கலாகவேனும் முகங்கள் தெரியக்கூடும். வேறெந்தச் சுருளையும்விட இதற்குச் செலவழிக்கலாம் என்பது என் எண்ணம்.

யாஷிக்கா மாட் 124ஜியில் எத்தனை படம்? திருப்பிச் சுற்ற வேண்டுமா? (வவுனியா)

120 பிலிமில் (முதுகில் தாள் ஒட்டி வரும் அகலப் பிலிம்) 12 படம். திருப்பிச் சுற்றும் வேலையே இல்லை. முடிந்ததும் மேல் சுருட்டியோடு எடுத்து, தாளை இறுக்கி ஒட்டிவிடுங்கள். போடும்போது தாளிலுள்ள அம்புக்குறி கமராவின் குறிக்கு நேரே வரும்வரை சுற்றிவிட்டு மூட வேண்டும்.

கிளிநொச்சி வெயிலில் பிலிமை எப்படிப் பாதுகாப்பது? (கிளிநொச்சி)

குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எடுத்தவுடன் டப்பாவைத் திறந்தால் ஈரம் படியும். சில மணி நேரம் வெளியே இருக்கட்டும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டுவிடாதீர்கள். மாற்றுவதாக இருந்தால் மர நிழலில், வெயிலுக்கு முதுகு காட்டி நின்று மாற்றுங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் கிரவல் வீதியோரம் கதவைத் திறக்கவே வேண்டாம். பிலிம் நுழையும் வாயில் ஒரு மணல் துகள் சிக்கினால், சுருள் முழுவதற்கும் நீளமாக ஒரே கீறல் விழும். சிறு தூரிகையால் தட்டிவிடுங்கள். ஷட்டர் திரையை மட்டும் தொடாதீர்கள்.