மறு: தெஸ்காட்லிபோகாவைப் பார்த்தா பயமே வரலை

உங்க கதையில தெஸ்காட்லிபோகா, அதாவது பழைய மெக்சிகோவோட ஆஸ்டெக் மக்கள் கும்பிட்ட தெய்வம், ரத்தவெறி பிடிச்ச அரக்கனா மட்டும் நிக்கிறான், பயமே வரலைன்னு கேட்டிருந்தீங்க. ரத்தத்தைக் குறைங்க. அந்தத் தெய்வத்துக்காக அவங்க நடத்தின தோஷ்காட்ல் திருவிழாவைப் பத்திப் படிங்க. 16-ஆம் நூற்றாண்டுல சஹாகூன்ங்கிற ஸ்பானியப் பாதிரியார் விவரமா எழுதி வெச்சிருக்கார். உடம்புல குறையே இல்லாத ஒரு கைதியை ஒரு வருஷம் அந்தத் தெய்வமாவே நடமாட விடுவாங்க. பூவும் புல்லாங்குழலுமா தெருவில போவான், ஜனங்க கும்பிடுவாங்க. கடைசி 20 நாள் 4 மனைவிகள். அப்புறம் தானாவே கோயில் படியேறுவான், படிக்கொரு குழலை உடைச்சுக்கிட்டே. மேலே அவனைப் பலி கொடுக்கப் பூசாரிங்க காத்திருப்பாங்க. இந்தப் பையன் பார்வையிலயே எழுதுங்க. தெய்வம் ஒரு வசனம்கூடப் பேச வேண்டாம். அப்புறம், ஷிபே டோடெக்ங்கிற இன்னொரு ஆஸ்டெக் தெய்வத்தையும் இதுல திணிக்காதீங்க. உரிச்ச மனுஷத் தோலைப் போர்த்திக்கிட்டு வர்றவர் தனி நாவலுக்கான ஆள்!