வாசகர் கேள்வி – பதில்: மோதலுக்குப் பின் இடப்பக்கம் இழுக்கும் லாரி

கேள்வி: என் ஆறு சக்கர லாரியின் இடது முன்சக்கரம் சாலை நடுவிலுள்ள கான்கிரீட் தடுப்பில் மோதியது. பம்பரையும் டை ராடையும் மாற்றி, அலைன்மென்ட் சரியாக இருப்பதாக அச்சிட்ட தாளும் கொடுத்தார்கள். ஆனால் வண்டி இன்னும் இடப்பக்கம் இழுக்கிறது; நேராக ஓடும்போது ஸ்டியரிங் வலப்புறம் திரும்பியே நிற்கிறது; வளைவில் திருப்பினால் தானாக மீள்வதும் இல்லை. ஸ்டியரிங் பாக்ஸை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– லாரி உரிமையாளர், சங்ககிரி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஒற்றை இரும்பு ஆக்ஸில் கொண்ட லாரியில் இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடைத் திருகிச் சரிசெய்யக்கூடியது, இரு சக்கரங்களும் ஒன்றையொன்று நோக்கி எவ்வளவு திரும்பி நிற்கின்றன என்னும் டோ அளவை மட்டுமே. ஆக்ஸிலே இடம் மாறியிருந்தாலும் அந்த அளவு சரியாகவே வரும் என்பதால், உங்கள் கையிலுள்ள தாள் பொய் சொல்லவில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டயர்களின் காற்றழுத்தத்தையும், சிறிது தூரம் ஓட்டியபின் இடது பிரேக் டிரம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகிறதா என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள். அவை சரியென்றால் ஒரு கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கிக்கொள்ளுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களை நேராக்கி, இரு பக்கமும் முன், பின் சக்கரங்களின் மையத்திலிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்குக்கட்டியால் புள்ளி வையுங்கள். வலப்பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைவிட இடப்பக்கத் தூரம் ஒரு விரற்கடை குறைந்தாலும், ஆக்ஸிலின் இடது முனை பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். (பின் ஆக்ஸில் நகர்ந்திருந்தாலும் அளவு வேறுபடும், ஈரத் தரையில் மெதுவாக நேரே ஓட்டிப் பார்த்தால், பின்சக்கரத் தடம் ஒரு பக்கமாக விலகி விழுவது காட்டிக்கொடுத்துவிடும்.)

முன் ஆக்ஸில் நகர்வதற்குப் பெரும்பாலும் காரணம், ஸ்பிரிங் பட்டைகளைக் கோத்து ஆக்ஸிலின் குழியில் அமர்ந்திருக்கும் சென்டர் போல்ட் அறுபட்டுப் போவதுதான். உள்ளே அறுபட்டிருப்பதால் வெளியே தெரியாது. ஆயினும் ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு இறுக்கிப் பிடிக்கும் யு போல்ட்டின் ஓரத்தில், புழுதி படிந்த பட்டையின்மீது புதிதாகத் தேய்ந்த பளபளப்பான கீற்று ஒன்று தெரிந்தால், பிடி நழுவி நகர்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆக்ஸில் இவ்வாறு கோணலானால் சக்கரங்கள் இடப்பக்கமே நோக்கும். வண்டியை நேராக ஓட்ட ஓட்டுநர் வலப்புறம் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கும். நீங்கள் எழுதியிருப்பதும் அதுதானே?

ஸ்டியரிங் தானாக மீளாமை தனிச் செய்தி. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டுகளின் மேல் உறுதியாக நிறுத்தி, ஸ்டியரிங் பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டான டிராக் லிங்கைக் கழற்றியபின் சக்கரங்களைக் கையால் இருபுறமும் திருப்பிப் பாருங்கள். கனமாக இருந்தால், சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் கிங் பின்னோ ஆக்ஸிலோ வளைந்திருக்கலாம். சக்கரங்கள் எளிதாகத் திரும்பினால்தான் சந்தேகம் மேலே போகிறது: ஸ்டியரிங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது இருமுறை இறுகினால், கேபின் நகர்ந்து ஸ்டியரிங் தண்டின் மடங்கும் இணைப்பான யுனிவர்சல் ஜாயின்ட்டை வளைத்து நிறுத்தியிருக்கக்கூடும். பாக்ஸின் முறை அதற்கும் பிறகே வருகிறது. அதன் தண்டிலும், அதில் பொருத்தி டிராக் லிங்கை அசைக்கும் டிராப் ஆர்மிலும் உள்ள குறிகள் நேருக்கு நேர் நிற்காவிட்டாலோ, தண்டின் பற்கள் முறுக்கேறியிருந்தாலோ, உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. அப்போது செலவைப் பார்க்கக் கூடாது.

கேள்வி: விபத்தில் வளைந்த டிராக் லிங்கை உலையில் காய்ச்சி நிமிர்த்தித் தருகிறார்கள். பயன்படுத்தலாமா?
– ஓட்டுநர், நாமக்கல்

பதில்: கூடாது. காய்ச்சும்போது இரும்பு தன் பதத்தை இழக்கிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசலும் உள்ளே இருக்கலாம். டிராக் லிங்க், டை ராட், டிராப் ஆர்ம் ஆகிய எது வளைந்தாலும் புதிதாகத்தான் மாற்ற வேண்டும். கழற்றிய பழையதைப் பட்டறையில் விட்டுவராமல், இரண்டாக வெட்டிப் போட்டுவிடுங்கள்.